மேசைக்கடியில் அறுபத்தொரு டிகிரி

ஐம்பத்தெட்டு. மருதமுத்து காய்ச்சல் பார்க்கும் துப்பாக்கியைக் கீழே வைத்துவிட்டுப் பரீட்சை அட்டையை எடுத்தார். கொரோனா காலத்தில் வாங்கிய துப்பாக்கி அது, வாசலுக்கு வந்தவர் போனவர் நெற்றிக்கெல்லாம் நீட்டிவிட்டு அப்புறம் பீரோவில் தூங்கியது. பக்கத்தில் உள்ள பொத்தானைத் தள்ளினால் உடம்புக்குப் பதில் பொருளின் சூட்டைக் காட்டும் என்பது இந்த வீட்டில் அவருக்கு மட்டும்தான் தெரியும். அப்படி அவருக்கு மட்டும் தெரிந்த சங்கதிகள் நிறையவே உண்டு, யாரும் கேட்பதில்லை என்பதுதான் குறை. மேசைக்கு அடியில் சம்மணம் போட இடமில்லை. ஒரு காலை மடக்கி ஒரு காலை நீட்டி, சுவரில் முதுகைச் சாய்த்து, ஐம்பத்திரண்டு வயது ஆள் தன் வீட்டு மேசைக்கடியிலேயே திருடன் மாதிரி ஒடுங்கி உட்கார்ந்திருந்தார். தலைக்கு மேலே, பலகைக்கு அந்தப் பக்கம், மகள் தாரணி பூனாவில் உள்ள ஒரு கம்பெனிக்கு இன்டர்வியூ கொடுத்துக்கொண்டிருந்தாள். மணி இரண்டு ஆறு. நாற்பது நிமிடம் என்று சொல்லியிருக்கிறார்கள். நாற்பது நிமிடம் இந்தக் கம்ப்யூட்டர் நின்றுபோகாமல் ஓடவேண்டும், இந்த வீட்டுக்கு இன்றைக்கு வேண்டியது அவ்வளவுதான். வெளியே மே மாதத்துத் திருச்சி வெயில். மைக்கில் இரைச்சல் விழும் என்று சீலிங் ஃபேனை நிறுத்தியாகிவிட்டது, டேபிள் ஃபேனும் கூடாது, பக்கத்து வீட்டு மிக்ஸிக்குப் பயந்து ஜன்னலையும் சாத்தியாகிவிட்டது. மிச்சம் இருந்தது தாரணி பத்தாம் வகுப்புப் பரீட்சைக்குக் கொண்டுபோன அட்டை. அதன் கிளிப் கடகடக்கும் என்பதால் கட்டைவிரலால் அமுக்கிப் பிடித்துக்கொண்டு, திறந்து கிடந்த கேபினட்டுக்குள் விசிறினார். அவர் கண்ணுக்குத் தெரிந்தது மகளின் இரண்டு கால்கள் மட்டும். மேலே கேமராவுக்கு இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை, கீழே முழங்காலுக்குச் சற்று இறங்கிய பழைய பேன்ட். அவரும் கேமராவுக்குத் தெரியக்கூடாத பகுதியைச் சேர்ந்தவர்தான்.

ஐம்பத்தொன்பது. ஏறத்தான் செய்யும். துப்பாக்கி காட்டுவது மேலே உள்ள அலுமினியத் தகட்டின் சூடு, அடியில் இருக்கும் சில்லு இன்னும் பதினைந்து இருபது கூடுதலாகத்தான் கொதிக்கும். எல்லோரும் பிராசஸரைக் கட்டிக்கொண்டு அழுவார்கள், கிராபிக்ஸ் கார்டைக் கொஞ்சுவார்கள், மதர்போர்டின் மூலையில் கிடக்கும் இந்தச் சிப்செட்டை ஒருத்தரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள். ஆனால் கேமராவும் மௌஸும் நெட்டும் டிஸ்க்கும் எல்லாம் இதன் வழியாகத்தான் போய் வரவேண்டும், தபால் ஆபீஸ் மாதிரி. தபால் ஆபீஸ் மயக்கம் போட்டு விழுந்தால் ஊரில் யார் உயிரோடு இருந்து என்ன. மார்ச் மாதம் அதுதான் நடந்தது. வேறொரு கம்பெனி, இதே மேசை, பதினோராவது நிமிடத்தில் மௌஸ் செத்தது, கேமரா செத்தது, திரையில் தாரணியின் முகம் வாயைப் பாதி திறந்தபடி நின்றது, அப்படியே நின்றது, அந்தப் பக்கத்து ஆள் ஹலோ ஹலோ என்று நாலு தடவை கூப்பிட்டுவிட்டுப் போய்விட்டார். மறுபடி கூப்பிடவில்லை. அன்றைக்கு நெட் கனெக்‌ஷன் கொடுத்தவனை போனில் கிழி கிழியென்று கிழித்தார் மருதமுத்து. மின்வாரியத்தைத் திட்டினார். அதற்குப் பிறகு யாரும் இல்லாதபோது பக்கத் தகட்டைக் கழற்றித் துப்பாக்கியை நீட்டினார், எழுபத்துநான்கு. அதை யாரிடமும் சொல்லவில்லை. எப்படிச் சொல்வது, தொழிற்சாலையில் வைத்து அனுப்பிய வேகத்துக்குமேல் இந்த மெஷினை முடுக்கிவைத்தது அவர்தானே. போர்டில் எல்லாவற்றுக்கும் தாளம் போடும் எண் ஒன்று உண்டு, நூறு. அதை நூற்றியாறு ஆக்கினார், சிப்செட்டுக்குப் போகும் வோல்ட்டையும் துளி ஏற்றினார். ஓடியது, பறந்தது. பிறகு பதினோராவது நிமிடத்தில் விழுந்தது. நெட் இல்லை, கரண்ட் இல்லை, இவர்தான்.

அவர் சொல்லாவிட்டாலும் தாரணி ஊகித்திருக்கவேண்டும், நேற்றுச் சாயங்காலம் துணி மடித்துக்கொண்டிருந்தவள் நின்று கேட்டாள், "அப்பா, இந்தத் தடவை கம்பெனி ஸ்பீட்லயே வச்சிடுங்கப்பா. எனக்கு வேகமெல்லாம் வேணாம், நிக்காம ஓடுனா போதும்." ஒரு வார்த்தை யோசிக்காமல் இவர் சொன்னார், "அப்பவே வச்சாச்சும்மா." அவள் ஒரு கணம் பார்த்தாள். "சரிப்பா," என்றாள், மடித்த துணியை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். வைக்கவில்லை. நூற்றியாறு நூற்றியாறாகவே இருந்தது. ராத்திரி எல்லோரும் படுத்தபிறகு மாற்றிவிடலாம் என்று நினைத்தார், படுத்தவர் தூங்கிவிட்டார். காலையில் மாற்றலாம் என்றால், பால் வாங்கிக்கொண்டு வருவதற்குள் அவளே மெஷினைப் போட்டு உட்கார்ந்திருந்தாள், கேமரா சரியாக இருக்கிறதா பார்த்தேன் என்றாள், அதற்குமேல் அவள் அந்த நாற்காலியை விட்டு எழவே இல்லை. இது அவர் தனக்குச் சொல்லிக்கொண்ட கணக்கு. அசல் காரணம் வேறு, அதை மேசைக்கடியில் இந்தப் புழுக்கத்தில் ஒளிக்க முடியவில்லை. மாற்ற மனசு வரவில்லை. இணையத்தில் இந்த மாதிரி முடுக்கிவிடுகிறவர்களுக்கு ஒரு கூட்டம் இருக்கிறது, தினசரி உபயோகத்தில் அந்த வேகத்திலேயே ஓட்டுகிறவர்களுக்கு ஒரு பட்டியல் இருக்கிறது, அதில் அவர் பதினோராவது ஆள். ஃபர்னஸ் மருது என்று பெயர். எங்கோ கௌகாத்தியிலிருந்தும் சூரத்திலிருந்தும் சின்னச் சின்னப் பையன்கள் ஃபர்னஸ் மருது சார், இந்த வோல்ட் போதுமா என்று கேட்பார்கள். சார் என்பார்கள். வெளியே யார் அவரை சார் என்கிறார்கள், பால்காரன்கூட அண்ணே என்கிறான்.

அறுபது. பெண் குரல் ஒன்று இங்கிலீஷில் ஏதோ கேட்டது, தாரணி பதில் சொன்னாள், காலேஜில் செய்த ப்ராஜெக்ட் பற்றி, குரல் கொஞ்சம் ஓடுகிறது, மெதுவாகச் சொல் கண்ணு, மூச்சு விட்டுச் சொல். அவள் வலது கெண்டைக்காலில் ஒரு ரூபாய் அகலத்துக்குத் தழும்பு. சைலன்சர் சுட்டது. நாலு வயதில் பைக்கில் முன்னால் உட்காரவேண்டியவளைப் பின்னால் உட்காரவைத்துக்கொண்டு, ஷிஃப்டுக்கு நேரமாகிவிட்டதென்று விரட்டிக்கொண்டுபோய், பள்ளிக்கூட வாசலில் இறங்கு இறங்கு என்று அவசரப்படுத்தி. அவள் அழவில்லை. அவர் தொழிற்சாலைக்குப் போய்ச் சேர்ந்தபிறகுதான் பள்ளிக்கூடத்திலிருந்து போன் வந்தது. எதையும் அதற்குரிய நேரத்தில் விடத் தெரியாத ஆள் என்று அமுதவல்லி சொல்வாள். அவர் மனைவி, ஒரு தனியார் பள்ளி ஆபீஸில் வேலை, இப்போது அட்மிஷன் சமயம், இருட்டித்தான் வருவாள், அவள் சம்பளத்தில்தான் இந்தக் கரண்டும் எரிகிறது. சொல்லட்டும். அவள் சொல்வதில் தப்பில்லை என்பதுதான் எரிச்சல். துவாக்குடிப் பக்கம் ஒரு சின்ன ஆலையில் பத்தொன்பது வருஷம் உலை முன்னால் நின்றவர் அவர். பாய்லருக்குப் போகும் குழாய்களை வெல்டிங் செய்தபிறகு உலையில் வைத்து மெல்ல மெல்லச் சூடேற்றி மெல்ல மெல்ல ஆறவிடவேண்டும். மணிக்கு இத்தனை டிகிரிதான் ஏறலாம் என்று கணக்கு. அதற்கு ஒரு சார்ட் காகிதம் சுற்றும், பேனா முள் கோடு போடும், கடைசியில் இவர் கையெழுத்து. அன்றைக்கு மேனேஜர் வந்து தோளில் கைபோட்டார். லாரி நிக்குது மருது, கொஞ்சம் சீக்கிரம் பாரு. அவ்வளவுதான். சீக்கிரம் பார்த்தார். ஏற்றக்கூடாத வேகத்தில் ஏற்றினார், அவருக்குத் தெரியும், முடியும் என்றும் தெரியும், நூறு தடவை முடிந்திருக்கிறது. நூற்றியோராவது குழாய் விரிசல் விட்டது. விசாரணையில் மேனேஜரின் கை சார்ட் காகிதத்தில் இல்லை. தோளில் வைத்த கை எந்தக் காகிதத்திலும் பதியாது. இவர் கையெழுத்து மட்டும் கீழே, அழகாக, தேதியோடு. வேலை போனது இவருக்குத்தான். அந்த மேனேஜர் பேரனோடு ஏதோ கோவிலில் நிற்கும் படம் போன மாதம்கூட வாட்ஸப்பில் வந்தது. நன்றாக இருக்கட்டும். நாசமாய்ப் போகட்டும்.

கை வலித்தது. அட்டையை மாற்றி இடது கைக்குக் கொடுத்தார், அந்தக் கொஞ்ச நேரம் காற்று நின்றது, பதறிப்போய்த் துப்பாக்கியை நீட்டினார். அறுபத்தொன்று. பரவாயில்லை. மார்ச்சில் இந்த நேரத்துக்கு எகிறியிருக்கும். மணி இரண்டு பத்தொன்பது, பதினோராவது நிமிடம் எப்போதோ தாண்டிவிட்டது, அதைத் தாண்டும்போது அவர் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தது அவருக்கே இப்போதுதான் தெரிந்தது. நம் கை. நம் விசிறல். சிப்செட்டின் தலையில் ஐந்து ரூபாய்க் காசு அகலத்தில் ஒரு ஃபேன் உண்டு, அது சுற்றவேண்டியது, சுற்றவில்லை. டிசம்பரிலேயே மெல்லமாகக் கறகறவென்றது, பொங்கலுக்குப்பிறகு நின்றுவிட்டது. விற்ற கடைக்காரனிடம் சண்டை போட்டார். ஒரு வருஷம்கூட நிக்காத சரக்கை விக்கிறியே வெக்கமா இல்லியா என்று கடை வாசலில் நின்று கத்தினார். அமுதவல்லி வெள்ளிக்கிழமை சாம்பிராணி போடுகிறாள், அந்தக் கரிதான் உள்ளே போய் அடைத்துவிட்டது என்று அவளிடமும் கத்தினார். அவள் அன்றையிலிருந்து சாம்பிராணிக் கரண்டியை இந்த அறைக்குள் கொண்டுவருவதில்லை. வாசலோடு சரி. செல்போன் டார்ச்சைப் போட்டுச் சும்மா ஒருமுறை ஃபேனைப் பார்த்தார். கிராபிக்ஸ் கார்டின் நிழலில் எப்போதும் சரியாகத் தெரியாது, தரையோடு தரையாகத் தலையைச் சாய்த்தால்தான் தெரியும், இதுவரை யார் தலையைச் சாய்த்தது. நடுவில் மஞ்சளாக ஒன்று. காய்ந்து, வெடித்து, ஓரத்தில் சிவப்புத் தூளோடு. மருதமுத்து டார்ச்சை அணைத்தார். மறுபடி போட்டார். சந்தனம். சந்தனத்தின்மேல் குங்குமம்.

ஆயுதபூஜை. அக்டோபர். அமுதவல்லி அரிவாள்மனைக்கு, மிக்ஸிக்கு, ஸ்கூட்டிக்கு, தைக்காத தையல் மெஷினுக்கு எல்லாம் பொட்டு வைத்துக்கொண்டே வந்தாள், கம்ப்யூட்டருக்குப் பெட்டிமேல் ஒன்று வைத்தாள், போதும் என்றாள். போதாது என்றவர் யார். பெட்டிக்கு வச்சா ஆச்சா, வேலை செய்யிறது உள்ள இருக்குல்ல என்று திருப்புளியை எடுத்துக்கொண்டுவந்து தகட்டைக் கழற்றினவர் யார். பிராசஸர் ஃபேனுக்கு ஒன்று, கிராபிக்ஸ் கார்டுக்கு ஒன்று, பாவம் இதை யாரும் கவனிக்கிறதே இல்லை என்று சிப்செட்டுக்குத் தாராளமாக ஒன்று, விரல் நுனியில் அள்ளி, நடு அச்சில். பன்னீர் விட்டு இழைத்த சந்தனம், ஈரம் சொட்டச் சொட்ட. தாரணி பின்னால் நின்றவள் அன்றைக்கே சொன்னாள், அப்பா ஃபேன்மேல வேணாம்ப்பா, உள்ள இறங்கிடும். ஒரு பொட்டுச் சந்தனத்துல என்னம்மா ஆயிடும், ஆயுதத்துக்கு மரியாதை என்று சிரித்தார். கற்பூரம் காட்டினார். விழுந்தும் கும்பிட்டார். கடைக்காரன் முகம் நினைவுக்கு வந்தது, வாடிக்கையாளர் நாலு பேர் முன்னால் வாயைத் திறக்காமல் நின்றவன். சாம்பிராணிக் கரண்டியோடு வாசலில் நின்றுவிட்டுத் திரும்பும் அமுதவல்லி. அவளிடம் இன்றைக்குச் சொல்லிவிடவேண்டும். அப்படிச் சொல்லிக்கொள்ளும்போதே சொல்லமாட்டார் என்று தெரிந்தது, நகத்தால் சுரண்டிவிட்டுச் சும்மா இருந்துவிடுவார். அவமானமாக இருந்தது. புழுக்கத்தில் வேர்வை கண்ணுக்குள் இறங்கியது, துடைக்கக் கையில்லை, இரண்டு கையும் அட்டையில்.

அப்போதுதான் மேலேயிருந்து அந்தக் கேள்வி விழுந்தது. இன்னொரு குரல், ஆண் குரல், வயதானவர் போல, சும்மா பேச்சுவாக்கில். வீட்டில் யார் யார், அம்மா என்ன செய்கிறார், அப்பா என்ன செய்கிறார். மருதமுத்துவின் அட்டை நின்றது. மார்ச்சிலும் இதைக் கேட்டார்கள், ஐந்தாவது நிமிடத்தில், கதவுக்கு வெளியே நின்று அவர் கேட்டுக்கொண்டிருந்தார். ரிட்டயர்டு என்றாள். ரிட்டயர்டு, ஐம்பத்திரண்டு வயதில். கதவிடுக்கில் அவள் காலைப் பார்த்தார். இடது கால் கட்டைவிரல் பக்கத்து விரல்மேல் ஏறி உட்கார்ந்திருந்தது. பொய் சொன்னால் ஏறும், சின்ன வயதிலிருந்து, பென்சில் தொலைந்ததை மறைத்த நாளிலிருந்து, அவளுக்கே தெரியாது, அமுதவல்லிக்குத் தெரியாது, இவருக்கு மட்டும் தெரிந்த இன்னொரு சங்கதி. இப்போது கால்கள் இரண்டும் அவர் முகத்துக்கு ஒரு முழ தூரத்தில். அம்மா ஒரு பள்ளியில் அலுவலர் என்றாள். விரல்கள் அசையவில்லை. அப்பா, என்றாள், நிறுத்தினாள். விரலையே பார்த்தார். ஏறப்போகிறது. ஏறட்டும், பொய்தான் சொல்லட்டும், வேறு என்ன சொல்வாள், குழாயை வெடிக்கவிட்டவர் என்றா, நாள் முழுக்க இந்தப் பெட்டிமுன் உட்கார்ந்திருப்பவர் என்றா. அவள் சொன்னாள், நிதானமாக, அழகான இங்கிலீஷில். அப்பா வெப்பக் கட்டுப்பாட்டில் நிபுணர், பத்தொன்பது வருட அனுபவம். இந்த நிமிடம்கூட வேலையில்தான் இருக்கிறார். அந்தப் பக்கம் பெரியவர் சிரித்தார், நல்லது நல்லது என்றார். கட்டைவிரல் ஏறவில்லை. தரையில் தட்டையாக, சாதுவாக இருந்தது.

ஏறவில்லை. பத்தொன்பது வருஷத்தில் ஆலையில் ஒருவர் சொல்லாததை, இந்தப் பதினோராவது இடமும் சாரும் மோரும் தராததைப் பிள்ளை ஒரு வரியில் சொல்லிவிட்டது, அதுவும் மனசறிந்து, விரல் சாட்சி. அவர் விசிறினார். வலியைப் பற்றிய நினைப்பே இல்லை. அறுபத்தொன்று, அறுபத்தொன்று, மறுபடி அறுபத்தொன்று, இரண்டு முப்பதுக்கு அறுபத்தொன்று, ஒருதரம் இருமல் வந்து அட்டையை வாயில் கவ்வியபோதும் அறுபத்தொன்று. நூற்றியாறில் ஓடும் மெஷினை, ஃபேன் செத்த சிப்செட்டை, மே மாதத்தில், வெறும் பரீட்சை அட்டையால் நிறுத்திப்பிடித்திருக்கிறார். வேறு யாரால் முடியும். அந்தப் பட்டியலில் முதல் பத்துப் பேரில் ஒருத்தனைக் கூட்டிவந்து இங்கே உட்காரவைக்கவேண்டும். பத்து நாளில் பூனா வந்து சேர முடியுமா என்று கேட்டது பெண் குரல். கேள்வி முடியுமுன்பே வரமுடியும் என்றாள் தாரணி. அவ்வளவு சீக்கிரம் சொல்லியிருக்கவேண்டாம் என்று ஒரு கணம் சுருக்கென்றது, சரி, வேலை என்றால் அப்படித்தான். நன்றி, நன்றி, நன்றி. மணி இரண்டு நாற்பத்து மூன்று. மேலே நாற்காலி பின்னால் நகர்ந்தது.

அவள் குனிந்து மேசைக்கடியில் எட்டிப்பார்த்தாள். முகமெல்லாம் வேர்வை, கண்ணெல்லாம் சிரிப்பு. "கெடச்சிரும்போல இருக்குப்பா. லெட்டர் அனுப்புறேன்னுட்டாங்க." கையைக் கொடுத்து அவரை வெளியே இழுத்தாள், கால் மரத்துப்போயிருந்தது, சீலிங் ஃபேனைப் போட்டாள், துண்டை எடுத்துக் கொடுத்தாள். நின்னுச்சா பாத்தியா என்றார். நிக்கலப்பா, சூப்பரா ஓடுச்சு என்றாள். அம்மாகிட்ட சொல்லிட்டு வரேன் என்று போனை எடுத்துக்கொண்டு மொட்டைமாடிக்கு ஓடினாள், வீட்டுக்குள் டவர் கிடைக்காது.

மருதமுத்து அவள் உட்கார்ந்த நாற்காலியில் உட்கார்ந்தார், சூடாக இருந்தது. இந்த ஓட்டத்தை உள்ளே போய் ஒருமுறை பார்க்கவேண்டும், அந்த எண்ணைக் கண்ணால் பார்க்கவேண்டும் போலிருந்தது. மெஷினை அணைத்துப் போட்டு, விசையைத் தட்டி, போர்டின் உள் அமைப்புப் பக்கத்துக்குப் போனார், இதையும் அவரேதான் ஒருநாள் பெருமைக்கு அவளுக்குக் காட்டிக்கொடுத்திருந்தார். தாளம் போடும் எண், நூறு. கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்த்தார். நூறு. சிப்செட்டின் வோல்ட், கம்பெனி வைத்தபடி. எல்லாமே கம்பெனி வைத்தபடி. அடுத்த பக்கத்தில் பழைய அமைப்புகளைச் சேமிக்கும் வரிசையில் முதல் கட்டம் நிரம்பியிருந்தது, இன்றைய தேதி, காலை ஐந்து ஐம்பது, அவர் பாலுக்குப் போன நேரம். அதில் அவருடைய எண்களெல்லாம் இருந்தன, நூற்றியாறு, அந்தத் துளி வோல்ட், ஒன்றுகூட விடாமல் பத்திரமாக. அதற்கு அவள் வைத்திருந்த பெயர் நான்கு ஆங்கில எழுத்தில், அப்பா. அவள் அவரை நம்பவே இல்லை. வச்சாச்சும்மா என்று சொன்னபோது அவர் தன் முகத்தை மட்டும் காப்பாற்றிக்கொண்டிருந்தார், அவள் கால்விரலைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் அந்தச் சரிப்பா எவ்வளவு பொய் என்று தெரிந்திருக்கும். அறுபத்தொன்று ஏன் அறுபத்தொன்றாகவே நின்றது என்பதும் தெரிந்தது. ஃபேன் இல்லாவிட்டாலும் கம்பெனி வேகத்தில் அது அவ்வளவுதான் சுடும், விசிறினாலும் விசிறாவிட்டாலும். உக்காருங்கப்பா, ஆனா சத்தம் வரக்கூடாது என்று மேசைக்கடியைக் காட்டியவள் அவள்தான். கதவுக்கு வெளியே குறுக்கும் நெடுக்கும் நடக்காமல், நடுவில் வந்து எட்டிப்பார்க்காமல், நாற்பது நிமிடம் ஓரிடத்தில் இருக்க ஒரு வேலை. விரல் ஏறாதது நியாயம்தான். அவள் சொன்னதில் பொய் இல்லையே, வேலையில்தான் இருந்தார், வேலை கொடுத்தவளே சொன்னாள். மேலே மொட்டைமாடியில் அவள் சிரிப்பது கேட்டது. அம்மாவிடம் எதைச் சொல்லிச் சிரிக்கிறாளோ.

திரையில் அப்பா என்ற கட்டம் தேர்ந்தெடுத்தபடி நின்றது. திரும்ப ஏற்றவா, ஆம், இல்லை. அவள் போனபிறகு அவருக்கு இது வேண்டியிருக்கும் என்று எடுத்துவைத்துவிட்டுப் போகிறாள், மாத்திரையை எடுத்து வைப்பதுபோல. ஆம் என்பதில் அழுத்தினார். மெஷின் நின்று மறுபடி எழுந்தது, நூற்றியாறில். மஞ்சள் பொட்டோடு அந்தக் குட்டி ஃபேன் சும்மா கிடந்தது. மருதமுத்து நாற்காலியைத் தள்ளிவிட்டு மறுபடி மேசைக்கடியில் போய் உட்கார்ந்தார், துப்பாக்கியை நீட்டினார், பரீட்சை அட்டையை எடுத்தார். அறுபத்துமூன்று. அறுபத்தாறு. அறுபத்தொன்பது. கிளிப் கடகடத்தது, பதறிப்போய்க் கட்டைவிரலால் அமுக்கிக்கொண்டார். சத்தம் வந்தால் கேட்க மேலே யாரும் இல்லை என்பது கொஞ்ச நேரம் கழித்துத்தான் நினைவுக்கு வந்தது, அப்போதும் விரலை எடுக்கவில்லை.